படுவான்கரையில் எங்கள் ஊர்க் கதையை எழுதி வைக்க எங்கே தொடங்குவது?

பட்டிப்பளைப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. அம்மம்மா காலமாகி 31ஆம் நாள் செலவு முடிந்த பிறகு அவவின் பெட்டகத்தைத் திறந்தோம். சீலைகளுக்கு அடியில் ஒரு காணி உறுதியும் அம்மப்பாவின் கையெழுத்தில் ஒரு வயல் கணக்குக் கொப்பியும் இருந்தன. கண்டங்களின் (வயல்வெளிகளின்) பெயர், விதைநெல் எத்தனை மரைக்கால் (நெல் அளக்கும் அளவு), சூடடிப்புச் செலவு, ‘பாதைக்குக் கொடுத்தது’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், பாதிச் சொல் எனக்கு விளங்கவில்லை. பாதைக்கு எதற்குக் காசு என்று அம்மாவிடம் கேட்டபோதுதான், 2014இல் மண்முனைப் பாலம் வரும் வரைக்கும் வாவியைக் கடக்க நாங்கள் ஏறிய மிதவைக்கே பாதை என்றுதானே பெயர் என்பது நினைவு வந்தது. நானும் சின்ன வயதில் அதில் ஏறியவள்தான், எப்படி மறந்தேனோ.

நாலைந்து பேர் சேர்ந்து ஊர்க் கதையை எழுதலாம் என்று இருக்கிறோம். தேடினால் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீச்சரம் கோயிலில் கல் நந்தி புல் தின்று பறங்கியரை (போர்த்துக்கேயரை) விரட்டிய கதை கிடைக்கிறது, அப்புறம் நேரே 1987, 1991 படுகொலைகள். இரண்டும் எழுத வேண்டியவைதான். ஆனால் இடையில் சனம் எப்படி விதைத்தது, எப்படிக் கல்யாணம் கட்டியது, கோயிலில் யாருக்கு என்ன முறை, இதையெல்லாம் யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

முல்லைக்காரன் மகன்:

பிள்ளை, முதல் வேலையாக அந்தக் கொப்பியைப் படம் எடுத்து வையுங்கள். கறையான் காத்திருக்காது.

கேட்கப் போகும்போது ‘எந்த ஆண்டு’ என்று தொடங்க வேண்டாம். என் அப்பாவுக்கு ஆண்டு நினைவில் நிற்காது, ஆனால் 1957 வெள்ளத்துக்கு முன்னா பின்னா, சூறாவளிக்கு முன்னா பின்னா என்று கேட்டால் மாதத்தோடு சொல்லிவிடுவார். சூறாவளி 1978 நவம்பர் 23. இளையவர்களுக்கு 2007 மார்ச்சில் வாவியைக் கடந்து இடம்பெயர்ந்த கணக்கு இருக்கும்.

களவெட்டியை, அதுதான் சூடடிக்கும் களத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். நான் சின்னப் பொடியனாக வயல் வாடியில் (குடிலில்) படுத்துக் கிடந்து பார்த்திருக்கிறேன், நிலவு வெளிச்சத்தில் எருமைகள் சுற்றிச் சுற்றி மிதிக்கும், அப்பா பின்னால் நடந்தபடியே ‘பொலி… பொலி’ என்று இழுத்துப் பாடுவார், மற்றவர்கள் வேலைக்காரனால் வைக்கோலைக் கிளறி உதறுவார்கள். வேலைக்காரன் என்றால் ஆள் இல்லை, நுனி வளைந்த கம்பு. களத்துக்குள் மாட்டை மாடு என்று சொல்லக் கூடாது, வாரிக்காலன். பெட்டி பெருவாயன். நெல்லே பொலிதான். வழமையான பேரைச் சொன்னால் பூதம் விளைச்சலை அள்ளிப் போய்விடும் என்று நம்பினார்கள். ஒரு நாள் நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அப்பா அடிக்கவில்லை, கையைப் பிடித்துக் களத்துக்கு வெளியே கொண்டுபோய் இருத்திவிட்டார். விடியும் வரை அங்கேதான் இருந்தேன். இப்போது அறுவடை மெசின் ஒரு காலைப் பொழுதில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போகிறது, அந்தச் சொற்களைச் சொல்ல இடமே இல்லை.

இன்னொன்று, மனம் நோகாதீர்கள். அது போடியார் வீட்டுக் கொப்பி, வயலுக்குச் சொந்தக்காரர் எழுதியது. வயல் வேலையை முன்னின்று நடத்திய என் அப்பாவைப் போன்ற முல்லைக்காரர்களும் அவர்களுக்குக் கீழே நின்ற வயற்காரர்களும் அதில் நெல்லுக் கணக்காக மட்டும்தான் இருப்பார்கள். அவர்களின் பேரைத் தேடி எழுதுங்கள்.

வாவிக்கரை ரீச்சர்:

தங்கச்சி, ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதே. எங்கள் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழியாகத்தான் வருகிறது, வீடு வளவு பெண் பிள்ளைக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். அதனால் ஊரில் இருக்கும் கிழவர் பலர் வேறு ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். வளவுக்குள் எந்த மரம் யார் வைத்தது, எந்தக் கிணறு எப்போது வெட்டியது என்பதெல்லாம் அவர்களின் மனைவிமாருக்குத்தான் தெரியும். ‘நீங்கள் என்ன குடி, என்ன வயிற்றுவார் (குடிக்குள் தாய்வழிக் கிளை)’ என்று ஒரு கேள்வி போதும், நாலு தலைமுறை தானாக வரும்.

கோயில் முறையைக் கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கரிடம் கேள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும்போது போனால் இன்னும் நல்லது, சடங்கு நிறைவாகும் குளிர்த்தி அன்று வெளியூரில் இருப்பவர்களும் வந்துவிடுவார்கள். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்பு இழுக்கும் கொம்புமுறி விளையாட்டைப் பார்த்தவர்கள் இருந்தால் அவர்கள் வடசேரிக் கட்சியா தென்சேரிக் கட்சியா என்று கேள். அதற்கு மேல் நீ ஒன்றும் கேட்க வேண்டி வராது, அவர்களே நிறுத்தாமல் சொல்வார்கள்.

சம்மாந்துறையான்:

ரீச்சர் சொல்வது எங்களுக்கும் பொருந்தும். கிழக்கில் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழிதான், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்குக் குடி மரைக்கார் என்று ஒரு பிரதிநிதி இருப்பார்.

உறுதியை வாசிக்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். 1961 வரை அம்பாறையும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான், அதனால் இடப் பெயர் பார்த்துக் குழம்ப வேண்டாம். கல்லோயா என்று இப்போது சொல்லும் ஆறு எங்கட மூத்தப்பாவுக்குப் பட்டிப்பளை ஆறுதான், பழைய கடதாசியில் அந்தப் பேர் இருந்தால் உங்கள் பட்டிப்பளையா அந்த ஆறா என்று பாருங்கள். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிய பிறகு எங்கள் பக்கம் தண்ணீர் வரும் வழியே மாறிவிட்டது. உங்கள் பக்கத்துக்கு வட்டவிதானையாக, அதாவது வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பில் இருந்த யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். எந்தக் கண்டத்துக்கு முதல் தண்ணீர், யாருக்கும் யாருக்கும் வரம்புச் சண்டை, எல்லாம் அவருக்குத் தெரியும்.

பட்டிப்பளைப் பிள்ளை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. முல்லைக்காரன் மகன் அண்ணன், நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுக் கொப்பியை மறுபடி எடுத்தேன். ஒரு பக்கத்தில் ‘வேலைக்காரன் 4’ என்று இருக்கிறது. இவ்வளவு நாளும் நாலு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது கம்புக் கணக்கு. ஆட்களின் பேர் கொப்பி முழுக்கத் தேடியும் ஒன்றும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன், கொஞ்ச நேரம் யோசித்து இரண்டு பேரின் பெயர் சொன்னா. ஒருவரின் மகள் மகிழடித்தீவில் இருக்கிறாவாம். சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.