பக்கம் மறுபடி ஏறினால் வண்டி வரிசை கலைகிறது: இம்யூட்டபிள் ஜேஎஸ் + லோக்கல் ஸ்டோரேஜ், உதவி தேவை

காவேரிப்பட்டணம் தம்பி:
வணக்கம். எங்க மாமாவோட மாங்காய் மண்டிக்கு ரியாக்ட்டில் ஒரு வெப் ஆப் எழுதியிருக்கேன். ஆப் ஞாபகம் வச்சிருக்கிற தகவல் (ஸ்டேட்) முழுக்க இம்யூட்டபிள் ஜேஎஸ் 4-ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில். பெங்களூரா ரக மாங்காய் லோடு உள்ளே வந்ததும் வண்டி நம்பர், தோட்டக்காரர் பேர், எடை பதிவாகும். வந்த வரிசையில்தான் இறக்கணும், அதனால் போட்ட வரிசையைக் காக்கிற ஆர்டர்டு மேப். பதிவைத் தேடி எடுக்குற சாவி வண்டி நம்பர்தான்.

எடைச்சீட்டைப் போட்டோ எடுக்கக் கேமரா திறந்தா, போன்ல மெமரி பத்தாம பிரவுசர் மூடிக்குது. திரும்பி வந்தா பக்கம் புதுசா ஏறும். அதுக்காக ஸ்டேட்டை ஜேசனாக்கி (எழுத்து வடிவமாக்கி) பிரவுசரோட சேமிப்பான லோக்கல் ஸ்டோரேஜில் போட்டேன். திருப்பி எடுத்தப்ப ‘கெட் ஒரு ஃபங்ஷன் இல்லை’னு எரர். சாதா தரவை இம்யூட்டபிள் வடிவமா மாத்துற ஃப்ரம்ஜேஎஸ் போட்டதும் எரர் போச்சு. அஞ்சு வண்டி வச்சுச் சோதிச்சேன், சரியா இருந்தது.

நேத்து ராத்திரி 14 வண்டி. வரிசை மொத்தமா கலைஞ்சிருச்சு. போச்சம்பள்ளியில இருந்து சாயங்காலமே வந்து காத்திருந்த பெரியவர் பதினோராவது ஆளாகிட்டார். அவர் ஏன்னு கேட்டப்ப என்கிட்ட பதில் இல்லை. மனசே சரியில்லை. எங்கே தப்பு?

பாலக்கோடு அக்கா:
தம்பி, பாலக்கோட்டில் தக்காளி ஏலத்துக்கு எழுதினப்ப இதே இடத்தில் நானும் ரெண்டு நாள் நின்னேன்.

ஜேசனுக்கு ஆர்டர்டு மேப்னா என்னன்னே தெரியாது. சாதா ஆப்ஜெக்ட்டா எழுதிடும். ஃப்ரம்ஜேஎஸ் எந்த ஆப்ஜெக்ட்டைப் பார்த்தாலும் சாதா மேப்பாத்தான் மாத்தும். அதுக்கு வரிசைப் பொறுப்பு கிடையாது. அப்போ 5 வண்டிக்கு எப்படிச் சரியா வந்ததுன்னா, 8 சாவி வரைக்கும் மேப் உள்ளுக்குள்ள ஒரு சின்னப் பட்டியல்தான், போட்ட வரிசை அப்படியே இருக்கும். ஒன்பதாவது நுழைஞ்சதும் ஹாஷ் (சாவியிலிருந்து கணக்கிடுற எண்) வச்சு அடுக்குற மரமா மாறிடும். அதுக்கப்புறம் ஹாஷ் சொல்ற வரிசைதான். உங்க சோதனை அந்த 8-ஐத் தாண்டவே இல்லை.

சேமிக்கும்போது சாவி, மதிப்புன்னு ஜோடிகளா ஒரு அர்ரேயா (பட்டியலா) எழுதுங்க: என்ட்ரிசீக், அப்புறம் டூஅர்ரே மெத்தட்களைக் கூப்பிடுங்க. எடுக்கும்போது ஜேசனைப் பிரிச்சு அந்த அர்ரேயை நேரா ஆர்டர்டு மேப்புக்குக் கொடுங்க. நம்பர் சாவி வச்சிருந்தாலும் இந்த வழியில் நம்பராகவே இருக்கும். ஆப்ஜெக்ட்டா எழுதினா அதுவும் ஸ்ட்ரிங் (வெறும் எழுத்து) ஆகிடும்.

காவேரிப்பட்டணம் தம்பி:
நன்றி அக்கா. ஆர்டர்டு மேப் வந்துருச்சு. ஆனா உள்ளே ஒவ்வொரு வண்டியும் சாதா ஆப்ஜெக்ட்டா இருக்கேன்னு மதிப்புகளை ஒவ்வொண்ணா மாத்துற மேப் மெத்தடுக்குள்ள ஃப்ரம்ஜேஎஸ்ஸைக் கொடுத்தேன். ‘கன்வர்ட்டர்’னு ஏதோ எரர்.

பாலக்கோடு அக்கா:
பேரை மட்டும் கொடுத்தீங்களா? மேப் மெத்தட் மதிப்போட சேர்த்துச் சாவியையும் ரெண்டாவதா அனுப்பும். ஃப்ரம்ஜேஎஸ்ஸுக்கு ரெண்டாவது இடம் மாற்றும் ஃபங்ஷனுக்கானது. வண்டி நம்பரை ஃபங்ஷனா ஓட்டப் பார்க்குது. மதிப்பை மட்டும் வாங்குற ஒரு ஆரோ ஃபங்ஷன் எழுதி, அதுக்குள்ள ஃப்ரம்ஜேஎஸ்ஸைக் கூப்பிடுங்க.

ஓசூர் ராத்திரி ஷிஃப்ட்:
வந்த நேரத்தை டேட் ஆப்ஜெக்ட்டா வச்சிருக்கீங்களா தம்பி? ஜேசனில் அது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி இருக்கிற யூடிசி நேரத்து ஸ்ட்ரிங்கா மாறும். விடியக்காலம் 4 மணிக்கு வந்த வண்டிக்கு முந்தின நாள் ராத்திரி 10:30-னு எழுதியிருக்கும். அதில் முதல் பத்து எழுத்தை வெட்டித் தேதின்னு காட்டினா ஒரு நாள் பின்னாடி போயிடும். மில்லிசெகண்ட் நம்பரா வச்சுக்கங்க.

இன்னொண்ணு, போன்களில் பழைய வடிவச் சேமிப்பு இன்னும் இருக்கும். புதுக் கோடு அதைப் படிச்சா உடையும். சேமிக்கிறதோட ஒரு பதிப்பு எண்ணும் போடுங்க. எண் பொருந்தலைன்னா பழையதை வேற வழியில் படிங்க, அழிச்சிடாதீங்க. எடை விவரம் அதில்தானே இருக்கு.

காவேரிப்பட்டணம் தம்பி:
டேட்டும் இருந்தது அண்ணா, மாத்திட்டேன். பதிப்பு எண் 2 போட்டாச்சு. இன்னிக்கு ராத்திரி 23 வண்டி. ஆறு தடவை கேமரா திறந்தோம், வரிசை நகரலை. அந்தப் பெரியவர் நாளைக்கு மறுபடி லோடு கொண்டு வர்றார். நேத்து என்ன நடந்ததுன்னு நானே அவர்கிட்ட சொல்லிடுறேன்.