மன்ஹாட்டன் ஹோட்டல்: விலை சொல்லி ஏலம் போடும் பக்கம் எங்கே? பெயர் மறைத்த டீலை நாலு பேருக்கு எடுக்கலாமா?

வர்ஜீனியாவாசி கேட்டது:

அக்டோபர் கொலம்பஸ் டே லாங் வீக்கெண்டுக்கு நியூயார்க் போறோம். வெள்ளி செக்-இன், திங்கள் செக்-அவுட், மொத்தம் மூணு இரவு. நாங்க ரெண்டு பேர், பிள்ளைங்க ரெண்டு பேர் (11, 6 வயசு). கார்ல வர்றோம். நாலு இடத்துல மாட்டிக்கிட்டேன்:

பிரைஸ்லைன்ங்கற ஹோட்டல் பதிவுத் தளத்துல நாமளே விலை சொல்லி ஏலம் போடலாம்னு பழைய வழிகாட்டிகள்ல பக்கம் பக்கமா எழுதியிருக்கு. "4 ஸ்டாரே இல்லாத ஏரியாவை ஒண்ணொண்ணா சேர்த்து மறுபடி மறுபடி போடு"ன்னு வேற இருக்கு. ஆப்ல, வெப்சைட்ல ரெண்டுலயும் தேடிட்டேன். அந்தப் பக்கத்தையே காணோம்.

அதுக்குப் பதிலா பெயர் மறைச்ச டீல் ஒண்ணு வருது. டைம்ஸ் ஸ்கொயர் பகுதி, 4 ஸ்டார், இரவுக்கு 304 டாலர். மூணு இரவுக்கு 912 வரணும். செக்அவுட்ல 1,057.02 காட்டுது. அதுல 120.49 மட்டும் "ஹோட்டலில் செலுத்தவும்"னு தனியா நிக்குது. இது என்ன கணக்கு?

பணம் கட்டறதுக்கு முன்னாடி எந்த ஹோட்டல்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? நாலு பேரும் ஒரே ரூம்ல தங்க முடியுமா?

ஊர்சுற்றி:

அந்தப் பக்கத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க, எடுத்துட்டாங்க. விமான டிக்கெட்டுக்கான ஏலம் 2016-லயே போச்சு, பின்னாடி ஹோட்டலுக்கும் போச்சு. பழைய வழிகாட்டிகள் மட்டும் தேடல்ல இன்னும் மேல வந்துக்கிட்டே இருக்கு.

அந்த ஏரியா வித்தை ஏன் பலிச்சதுன்னா: ஏலம் தோத்தா, அதே ஏரியா, அதே ஸ்டார், அதே தேதிக்கு மறுபடி போட 24 மணி நேரம் காத்திருக்கணும். ஏதாவது ஒண்ணை மாத்தினா உடனே போடலாம். 4 ஸ்டாரே இல்லாத ஏரியாவைச் சேர்த்தா அங்கே நமக்கு ரூம் விழாது, ஆனா இன்னொரு வாய்ப்பு இலவசமா கிடைக்கும். பத்து டாலர் ஏத்திப் போடு, விழலையா, அடுத்த ஏரியாவைச் சேரு. இப்போ விலையைச் சொல்றது அவங்கதான், அதனால அந்த வித்தைக்கு வேலை இல்லை.

இப்போ மிச்சம் இருக்கிறது பிரைஸ்லைனோட எக்ஸ்பிரஸ் டீல், ஹாட்வயர்ங்கற இன்னொரு தளத்தோட ஹாட் ரேட். ஏரியா, ஸ்டார், வசதிகள், விருந்தினர் மதிப்பெண் தெரியும். பெயர் மட்டும் பணம் கட்டின பிறகு தெரியும். காலி ரூமை மலிவா விக்கணும், ஆனா அதே ரூமைச் சாதாரண விலையில, உதாரணமா 424 டாலர் கொடுத்து எடுத்தவர் கண்ணுல 304 படக்கூடாது. ஹோட்டல் பெயரை மறைக்கறது அதுக்குத்தான். அப்படின்னா ரூம் நிரம்பற நாள்ல அவங்களுக்கு மறைச்சு விக்க வேண்டிய அவசியமே இல்லை. நியூயார்க்ல அக்டோபர் அந்த மாதிரி மாசம். ஜனவரி, பிப்ரவரியில கிடைக்கிற தள்ளுபடியை எதிர்பார்க்காதீங்க. செப்டம்பர் கடைசியில ஐ.நா. பொதுச்சபை, நவம்பர் முதல் ஞாயிறு மாரத்தான், தேங்க்ஸ்கிவிங், புத்தாண்டு எல்லாம் இதே கதைதான்.

கணக்குப்பிள்ளை:

உங்க 1,057.02 சரியான கணக்குதான். பிரிச்சுப் பார்ப்போம்.

304-ல 269 அறை வாடகை. மீதி 35, வாடகைக்கு மேல ஹோட்டல் கட்டாயமா வாங்கற "டெஸ்டினேஷன் ஃபீ". 2025 மே 12 முதல் அமெரிக்காவுல கட்டாயக் கட்டணத்தை முதல்ல காட்டற விலையிலேயே சேர்த்துக் காட்டணும்னு மத்திய வணிக ஆணைய விதி வந்திருக்கு. அரசு வரியை மட்டும் பின்னாடி காட்டலாம். அதனாலதான் 304-னு தெரிஞ்சுது. முன்னாடி இருந்திருந்தா 269-னு போட்டுட்டு 35-ஐ ரிசப்ஷன்ல போய்த்தான் சொல்லியிருப்பாங்க.

நியூயார்க் நகரத்துல அறைக்கு வரி 14.75 சதவீதம்: விற்பனை வரி 8.875, ஹோட்டல் வரி 5.875. அதுக்கு மேல ஒரு இரவுக்கு 3.50 டாலர், வாடகை 40 டாலரோ அதுக்கு மேலயோ எவ்வளவா இருந்தாலும் மாறாதது (நகரத்துக்கு 2, மாநிலத்துக்கு 1.50).

இப்போ கட்டறது: 269 × 3 = 807. வரி 119.03. இரவுக்கணக்கு 10.50. மொத்தம் 936.53.
ஹோட்டல்ல கட்டறது: 35 × 3 = 105. அதுக்கும் வரி 15.49. மொத்தம் 120.49.

கூட்டினா 1,057.02. ஒரு இரவு 352.34 டாலர். நீங்க ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான், 304-ஐ இல்லை. பெயர் தெரிஞ்ச ஹோட்டல் ஒண்ணு ஃபீ எதுவும் இல்லாம 320-னு போட்டிருந்தா, வரியோட 370.70. வித்தியாசம் இரவுக்கு 18 டாலர் சொச்சம்தான். அந்த 18 டாலருக்காகக் கேன்சல் பண்ணும் உரிமை, படுக்கை உறுதி, ஹோட்டல் பாயிண்ட்ஸ் மூணையும் விடணுமான்னு பாருங்க. மறைச்ச டீல்ல எடுத்த இரவுக்குப் பெரும்பாலும் பாயிண்ட்ஸ் ஏறாது.

ஊர்சுற்றி:

ஹோட்டலைக் கண்டுபிடிக்கிற வழி. கணக்குப்பிள்ளை பிரிச்சுக் காட்டின அந்த 35 டாலர்தான் இருக்கிறதுலயே நல்ல தடயம். பெரும்பாலும் ஒவ்வொரு ஹோட்டலும் ஃபீயை வேற வேற தொகையா வெச்சிருக்கு. அதனால இப்படிச் செய்ங்க:

டீலை செக்அவுட் வரை கொண்டுபோங்க, கார்டு எண் போடாதீங்க. "ஹோட்டலில் செலுத்தவும்"ங்கற தொகையைக் காசு வரை குறிச்சுக்கங்க. இன்னொரு டேப்ல அதே தளத்துல, அதே தேதிக்கு, அதே ஏரியா, அதே ஸ்டார் வடிகட்டி போட்டு சாதாரண ஹோட்டல்களைத் திறங்க. எதோட ஃபீ அதே தொகையா வருதோ அதுதான் முதல் சந்தேகம். அப்புறம் டீல்ல கோடு போட்டு அடிச்சுக் காட்டற சாதாரண விலை. 424-னு கோடு போட்டிருந்தா, அந்த ஹோட்டலோட சாதாரண விலையும் அதே 424-ஆ இருக்கணும், இல்லைன்னா ஒண்ணு ரெண்டு டாலர் தள்ளி இருக்கணும். கடைசியா வசதிப் பட்டியல்: நீச்சல் குளம், செல்லப்பிராணி அனுமதி, ரூம்ல ஃபிரிட்ஜ். மன்ஹாட்டன்ல குளம் இருக்கிற ஹோட்டல் கொஞ்சம்தான், அதனால குளம்னு போட்டிருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

தேதியை ஒருநாள் முன்னபின்ன மாத்தி இதையே திரும்பப் பாருங்க. மூணு தேதியிலயும் விலை, ஃபீ, மதிப்பெண் ஒரே ஹோட்டலோட ஒத்துப்போனா தைரியமா நம்பலாம். ஒரு தேதியில மட்டும் ஒத்துப்போனா நம்பாதீங்க. ஒரே குழுமத்தோட ரெண்டு ஹோட்டல் ஒரே ஃபீ வாங்கறது உண்டு.

பிரைஸ்லைன்ல "பிரைஸ்பிரேக்கர்"னு ஒண்ணு வரும். மூணு ஹோட்டல் பெயரைச் சொல்லி, அதுல ஏதோ ஒண்ணு கிடைக்கும்பாங்க. மூணுமே உங்களுக்குச் சம்மதம்னா அது தேவலை.

ஸ்டார் எண்ணிக்கை அந்தந்தத் தளம் தானே போட்டுக்கறது. ஒரு தளத்துல 4, இன்னொண்ணுல 3.5. அதனால தேடும்போது அரை ஸ்டார் கீழயும் சேர்த்துத் தேடுங்க. மிட்டவுன்ல, அதாவது டைம்ஸ் ஸ்கொயர் இருக்கிற நடுப்பகுதியில, 3 ஸ்டார் டீலை மட்டும் குடும்பத்தோட தொடாதீங்க. பாட் 51 மாதிரி குட்டி ரூம் ஹோட்டல்களும் அந்த வரிசையிலதான் வரும், அங்கே ரயில் பெர்த் மாதிரி மேலயும் கீழயும் படுக்கை இருக்கிற ரூமெல்லாம் உண்டு.

ரிசப்ஷன்மேசை:

நான்கு பேர் என்பதுதான் இங்கே முக்கியப் பிரச்சினை. விலையெல்லாம் அதற்கு அப்புறம்.

பெயர் மறைத்த டீலில் பொதுவாக உறுதி தருவது இரண்டு பெரியவர்களுக்கான ஓர் அறை, அவ்வளவுதான். ஒரே பெரிய கிங் படுக்கையா, இரண்டு டபுள் படுக்கையா என்பது அன்று மேசையில் இருப்பவர் கையில் எந்த அறை மீதி இருக்கிறதோ அதைப் பொறுத்தது. லாங் வீக்கெண்டில் இரண்டு படுக்கை அறைகள்தான் முதலில் காலியாகும், ஏனென்றால் எல்லாருமே குடும்பத்தோடு வருகிறார்கள். மடக்குக் கட்டில் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். மன்ஹாட்டனில் பல கிங் அறைகளில் அதைப் போட இடமே இருக்காது, போட்டால் வழி அடைபடும் என்று ஹோட்டலே மறுத்துவிடும்.

சில டீல்களில் படுக்கை வகை எழுதியிருக்கும். தேடும்போதே இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை என்று வயதோடு கொடுங்கள். அதற்குப் பிறகும் "இரண்டு குயின்" அல்லது "இரண்டு டபுள்" என்று தெளிவாக வந்தால் மட்டும் எடுங்கள். எதுவும் எழுதவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இருவர் மட்டும் தங்கும் பயணத்துக்கு இந்த வகை டீல் அருமையானது; நான்கு பேருக்கு ஒரே அறை என்றால் என் சிபாரிசு கிடையாது.

எடுத்தே விட்டால்: உங்களிடம் வரும் பயண எண் தளத்தினுடையது. ஹோட்டலுக்கு அது தெரியாது. ஹோட்டலின் உறுதி எண் தனி. மின்னஞ்சலில் இல்லையென்றால் தளத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் கழித்து, பதிவு ஹோட்டல் கணினியில் ஏறியதும், குழுமத்தின் பொது எண்ணுக்கு இல்லாமல் நேராக அந்த ஹோட்டலுக்கே அழைத்து, இரண்டு படுக்கை வேண்டும் என்று பதிவில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். வருவதற்கு முந்தைய நாள் மறுபடி கேளுங்கள். அன்றுதான் பல ஹோட்டல்களில் அறைகளைப் பெயர் போட்டு ஒதுக்குவார்கள். குறிப்பு என்பது வேண்டுகோள்தான், வாக்குறுதி இல்லை.

வர்ஜீனியாவாசி:

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். வாங்கிட்டு, நல்ல ஹோட்டல் வரலைன்னா 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணலாம்தானே? அமெரிக்காவுல அப்படி ஒரு சட்டம் இருக்குன்னு சொல்றாங்களே.

கணக்குப்பிள்ளை:

அது விமான டிக்கெட்டுக்கு மட்டும். புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதுக்கு மேலயோ இருந்தா 24 மணி நேரத்துக்குள்ள ரத்து பண்ணலாம்ங்கற விதி அது. ஹோட்டலுக்குச் செல்லாது. மறைச்ச டீல்ல பட்டனை அழுத்தின நொடியே பணம் போச்சு. தேதி மாத்த முடியாது, பெயர் மாத்தறதும் கஷ்டம். கார்டு கம்பெனியில தகராறு எழுப்பினாலும் நிக்காது, திரும்பக் கிடைக்காதுன்னு டிக் போட்டுத்தானே வாங்கறோம்.

பாதுகாப்பான வழி ஒண்ணு இருக்கு. இன்னைக்கே ரெண்டு படுக்கை உறுதியா எழுதின, கேன்சல் பண்ணக்கூடிய ரூம் ஒண்ணைப் போட்டு வெச்சிடுங்க. கெடு எந்தத் தேதி, எத்தனை மணின்னு படிச்சுக் குறிச்சுக்கங்க. 48 மணி, 72 மணின்னு ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், மணிக்கணக்கு ஹோட்டல் இருக்கிற ஊர் நேரம். அந்தக் கெடுவுக்கு முந்தின பத்துப் பதினைஞ்சு நாள் மறைச்ச டீலைப் பார்த்துட்டே வாங்க. மொத்தத் தொகையில நூறு டாலராவது குறைஞ்சு, படுக்கை வகையும் எழுதியிருந்தா வாங்கிட்டு, பழையதைக் கேன்சல் பண்ணுங்க. இல்லைன்னா பழையதுலயே போங்க. கையில ரூம் இல்லாம கடைசி வாரம் வரைக்கும் காத்திருக்கறது அக்டோபர்ல விஷப்பரீட்சை. 2023 செப்டம்பர்ல இருந்து நகரம் குறுகிய கால வீட்டு வாடகையை இறுக்கிப் பிடிச்சுட்டதால ஏர்பிஎன்பி பக்கம் ஓடவும் வழி இல்லை. 30 நாளுக்குக் குறைவா இருந்தா வீட்டுக்காரர் கூடவே தங்கணும், விருந்தாளி ரெண்டு பேருக்கு மேல கூடாது. உங்களுக்கு அங்கேயும் நாலு பேர் இடிக்கும்.

ஊர்சுற்றி:

கார்ல வர்றோம்னு போற போக்குல சொல்லிட்டீங்க, கணக்கையே மாத்தற விஷயம் அது. மிட்டவுன்ல ஹோட்டல் பார்க்கிங் இரவுக்கு 50-லிருந்து 80 டாலர் வரைக்கும் போகும், எஸ்யூவின்னா தனியா கூடுதல் உண்டு. மன்ஹாட்டன்ல பார்க்கிங்குக்கு வரி மட்டும் 18.375 சதவீதம். பல இடத்துல நடுவுல காரை எடுத்துட்டுப் போய்த் திரும்ப விட்டா மறுபடி காசு. அதுபோக 60-ஆம் தெருவுக்குத் தெற்கே நுழைஞ்சா நெரிசல் கட்டணம், இ-இஸட்பாஸ் (கார்ல ஒட்டற சுங்கக் கட்டணக் கருவி) இருந்தா ஒரு நாளைக்கு ஒரு தடவை 9 டாலர் (வார நாள் காலை 5-லிருந்து இரவு 9, சனி ஞாயிறு காலை 9-லிருந்து இரவு 9). மத்த நேரம் 2.25. வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு மேல உள்ளே போனா மிச்சம்.

நானா இருந்தா ஹட்சன் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஜெர்சி சிட்டியில பெயர் தெரிஞ்ச, ரெண்டு குயின் படுக்கை இருக்கிற ஹோட்டலாப் பார்ப்பேன். எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் நிலையத்துல மன்ஹாட்டனுக்குப் போற பாத் (PATH) ரயில் ஏறினா அடுத்த நிறுத்தம் உலக வர்த்தக மையம். கார் அங்கேயே நிக்கட்டும். இல்லைன்னா குயின்ஸ்ல லாங் ஐலண்ட் சிட்டி. கோர்ட் ஸ்கொயர்ல இருந்து 7-ஆம் ரயில் கிராண்ட் சென்ட்ரல், டைம்ஸ் ஸ்கொயருக்கு நேரா போகும். ஆனா வார இறுதியில பராமரிப்புன்னு 7-ஐ நிறுத்தறது வழக்கம், அந்தத் தேதிக்கு நகர ரயிலை நடத்தற எம்டிஏ தளத்துல பாருங்க. நின்னா அதே நிலையத்துல இருந்து ஈ ரயில் இருக்கு. மன்ஹாட்டன்லயேதான் வேணும்னா ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட் பாருங்க, ஆபீஸ்காரங்க ஊருக்குப் போயிடறதால வெள்ளி, சனி அங்கே மிட்டவுனை விட மலிவா விழும். பிள்ளைங்க தோசை கேட்டா மட்டும் அங்கிருந்து இந்திய உணவகங்கள் இருக்கிற லெக்சிங்டன் அவென்யூ 27, 28-ஆம் தெரு வரைக்கும் ஏறி வரணும்!

வர்ஜீனியாவாசி:

நீங்க சொன்ன மாதிரி ஃபீயை வெச்சுத் தேடினேன். ரெண்டு ஹோட்டல் ஒரே 35-ல நிக்குது, ஒண்ணுல ரெண்டு டபுள் ரூமே கிடையாது. அதனால விட்டுட்டேன். ஜெர்சி சிட்டியில ரெண்டு குயின், கேன்சல் பண்ணக்கூடியது போட்டாச்சு. எங்க அப்பா அம்மா டிசம்பர்ல தனியா நியூயார்க் போறாங்க. அவங்க ரெண்டு பேர்தான், அப்ப மறைச்ச டீல் எடுக்கலாம்ல? பணம் என் கார்டுல கட்டுவேன்.

ரிசப்ஷன்மேசை:

எடுக்கலாம், ஆனால் விருந்தினர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிடாதீர்கள். அப்பாவின் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். மேசையில் கேட்பது பாஸ்போர்ட்டும் அதே பெயரில் ஒரு கார்டும். நீங்கள் ஆன்லைனில் கட்டியது அறை வாடகைக்கும் அதன் வரிக்கும் மட்டும். ஃபீக்கும் முன்வைப்புக்கும் (டெபாசிட்) அவர் கார்டைத்தான் தேய்ப்பார்கள். முன்வைப்பு இரவுக்கு 50-லிருந்து 150 டாலர் வரை பிடித்து வைப்பது வழக்கம். டெபிட் கார்டு என்றால் அந்தப் பணம் கணக்கிலிருந்தே முடங்கி, செக்-அவுட் ஆன பிறகும் திரும்பி வரச் சில நாள் ஆகும். அதனால் கிரெடிட் கார்டே கொடுத்து அனுப்புங்கள். இந்திய கார்டாக இருந்தால் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் கிளம்பும் முன்பே திறந்து வைக்கச் சொல்லுங்கள். அவரிடம் கார்டே இல்லை என்றால் மறைத்த டீல் வேண்டாம். பெயர் தெரிந்த ஹோட்டலை முதலில் அழைத்து, மூன்றாம் நபர் கார்டுக்கான ஒப்புதல் படிவம் ஏற்பார்களா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.