புதுப்பிப்பு: மட்டு மதிப்புக் கணக்கில் 5 ஏன் தப்பு?

போன வாரம் கேட்டிருந்தேன்: |எக்ஸ் − 4| = 2எக்ஸ் − 11. அக்கா பையன் 7, 5 என்று இரண்டு விடை எழுத, 5க்கு மட்டும் தப்பு போட்டிருந்தார்கள்.

இப்போது பிடிபட்டுவிட்டதுங்க. மட்டு மதிப்பு, அதாவது இந்த | | கோடுகள், ஓர் எண் பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைச் சொல்வது. ஈரோட்டிலிருந்து பெருந்துறை போனாலும், அங்கிருந்து திரும்பி வந்தாலும் தூரம் ஒன்றுதான், மைனஸில் வராது. 5ஐப் போட்டால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் −1. ஒட்டவே ஒட்டாது. 7க்கு இரண்டு பக்கமும் 3, சரி.

எக்ஸ் − 4 = −(2எக்ஸ் − 11) என்று பிரித்ததில் வந்ததுதான் அந்த 5. பிரிக்கும்போது வலப்பக்கம் மைனஸாகக் கூடாது என்ற நிபந்தனையை விட்டுவிட்டோம். அதாவது எக்ஸ் 5.5க்குக் குறையக் கூடாது.

அவனே நேற்று |எக்ஸ் + 2| = −3ஐப் பார்த்ததும், "சித்தி, இதுக்கு விடையே இல்லைங்க" என்றான். பேனாவைக்கூட எடுக்கவில்லை. எனக்கு அத்தனை சந்தோஷம்!