மறு: ‘ஓப்பனிங் புக்’ – நூலா, ஏடா?

வணக்கம். நம் சதுரங்கக் கலைச்சொல் பட்டியலுக்காக ‘ஓப்பனிங் புக்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். சதுரங்கம் ஆடும் கணினி நிரல்தான் பொறி; ஆட்டத் தொடக்கத்தில் அது பார்த்து ஆடும் ஆயத்த நகர்வுகளின் கோப்புதான் ஓப்பனிங் புக்.

> சதுரங்கப் பொறியின் ஓப்பனிங் புக் = ‘திறப்பு நூல்’. எளிமையாக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்ளலாமா?

எளிமைதான். ஆனால் இலங்கையில் திறப்பு என்றால் சாவி. ஆட்டத்தின் முதல் கட்டத்தைத் தொடக்கம் என்றுதான் எழுதிவருகிறோம், அதனால் முதல் பாதி ‘தொடக்க’ என்றே இருக்கட்டும்.

‘நூல்’தான் இடிக்கிறது. பாலிகிளாட் என்ற பரவலான வடிவத்தில் உள்ள ஓப்பனிங் புக் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள், படிக்க அதில் ஒரு வரிகூட இருக்காது. 16 பைட்டுக்கு ஒரு பதிவு: முதல் 8 பைட் பலகையில் காய்கள் நிற்கும் நிலையின் அடையாள எண், அடுத்த 2 நகர்வு, அடுத்த 2 எடை (அந்த நகர்வுக்குத் தரும் முன்னுரிமை), மீதி 4 கற்றல் விவரத்துக்கு. பொறி தன் முன்னால் இருக்கும் நிலையின் எண்ணைத் தேடும். கிடைத்தால் யோசிக்காமல் காயை நகர்த்திவிடும். கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டுகிற மாதிரிதான். பேரேடு, பதிவேடு என்று ஏற்கெனவே வரிசையாக இருக்கும்போது ‘தொடக்க ஏடு’ தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘ஏட்டு நகர்வு’, ‘ஏடு முடிந்த நிலை’ என்று மேலே கட்டிக்கொண்டும் போகலாம்.

> ஏடு என்றாலே ஏட்டுச் சுரைக்காய் நினைவுக்கு வருகிறதே?

வரட்டுமே. அந்தச் சந்தேகம் இந்தத் துறைக்குத் தேவைதான். என் கதையைக் கேளுங்கள். சிசிலியன் நஜ்டோர்ஃப் என்ற தொடக்கத்தில் வெள்ளை 6-ஆம் நகர்வில் பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுவந்ததும், கறுப்பு ராணி பி2 சிப்பாயைத் தின்னக் கிளம்பும் வரிசை ஒன்று உண்டு. அதை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டு, ஒரே பொறியைப் பழைய ஏட்டோடும் புதிய ஏட்டோடும் 100 ஆட்டம் மோதவிட்டேன். புதியதற்கு 55 புள்ளி, பழையதற்கு 45. கணக்குப்படி 35 எலோ (ஆட்ட வலுவை அளக்கும் புள்ளி) கூடுதல்! அன்றிரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. மறுநாள் ஆட்டப் பதிவுகளை அலசினால், அந்தக் கிளை பிரியும் இடத்துக்கே வந்த ஆட்டங்கள் மொத்தம் 7. மற்ற 93-இல் இரண்டு ஏடும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். பாதி ஆட்டங்கள் சமநிலை என்று வைத்தாலும், 100 ஆட்டத்துக்குப் பிழை இடைவெளி (தற்செயலாலேயே வரக்கூடிய ஏற்ற இறக்கம்) இருபுறமும் கிட்டத்தட்ட 48 எலோ. 1000 ஆடினாலும் 15-க்குக் குறையாது. அப்புறம் அந்தக் கிளை நிலையிலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கி, சோதனையை முதலிலிருந்து நடத்த வேண்டியதாயிற்று.

இங்கேதான் இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. ஸ்டாக்ஃபிஷ் பொறியின் மாற்றங்களைச் சோதிக்கும் ஃபிஷ்டெஸ்டில், இரண்டு பதிப்புகளையும் கொடுக்கப்பட்ட ஒரே நிலையிலிருந்து, நிறம் மாற்றி மாற்றி ஆடவைக்கிறார்கள். அந்த நிலைகளின் கோப்பையும் ஆங்கிலத்தில் ‘புக்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் அது யாருக்கும் வலுவூட்ட வந்ததல்ல. சமநிலைகள் குவிந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த நிலைகளாகவும் பொறுக்கிப் போடுவார்கள். ஒன்று பொறியின் ஆயுதம், மற்றது அளவுகோல். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து அந்தக் குழப்பத்தை நாமும் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? இரண்டாவதற்கு ‘தொடங்குநிலைத் தொகுப்பு’ என்பது என் பரிந்துரை. கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

> ஏட்டால் வந்த வெற்றியும் பொறியின் வெற்றிதானே? பிரித்துப் பேச வேண்டுமா?

1997 மே 11, ஐபிஎம்மின் சதுரங்கக் கணினி டீப் புளூவுக்கும் உலக சாம்பியன் காஸ்பரோவுக்கும் 6-ஆவது ஆட்டம். 8-ஆவது நகர்வில் டீப் புளூ இ6-இல் குதிரையைக் கொடுத்ததே, அது பொறி அந்த நேரத்தில் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல, ஏட்டில் இருந்த நகர்வு. 19 நகர்வில் ஆட்டம் முடிந்துவிட்டது. போட்டியில் புள்ளி யாருக்கு என்றால் சந்தேகமில்லை, பொறிக்குத்தான். சோதனைக்கூடத்தில் மட்டும் ‘ஏட்டு வலு’, ‘பொறி வலு’ என்று தனித்தனியாக எழுதாவிட்டால் எந்த மாற்றம் எதை உயர்த்தியது என்று தெரியவே தெரியாது. ஒரே எதிரியோடு திரும்பத் திரும்ப மோதவிட்டு ஏட்டைத் திருத்தினால் இன்னும் மோசம். அந்த எதிரிக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிடும்.

ஏடு என்றால் பாலேடு ஞாபகம் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, பசியோடு எழுதியிருப்பார் போல.

பதிவில் வரும் ‘எடை’யை ‘நிறை’ என்று மாற்றலாமா என்ற கேள்வி நிலுவையில் இருக்கிறது. நான் எடை என்றே எழுதிவருகிறேன். வரும் ஞாயிறுக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பட்டியலில் அப்படியே ஏற்றிவிடுகிறேன்.