கோஹாவில் அமைப்புகளை யார், எப்போது மாற்றினார்கள் என்பதைக் கண்டறிய வழி உண்டா?

கேள்வி

வணக்கம். எங்கள் நூலகத்தில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். விடுமுறை நாள்களை விட்டுவிட்டுத் தாமதக் கட்டணம் கணக்கிடுவதே எங்கள் வழக்கம். சென்ற வாரம் வாசகர் ஒருவர், நூலகம் மூடியிருந்த இரண்டு நாள்களும் தம் கணக்கில் சேர்ந்திருப்பதைக் காட்டிய பிறகே, 'ஃபைன்ஸ்காலெண்டர்' என்ற அமைப்பு நாள்காட்டியைப் பொருட்படுத்தாத நிலைக்கு மாறியிருந்ததைக் கவனித்தோம். உடனே பழைய நிலைக்குத் திருப்பிவிட்டோம். ஆனால் எந்த நாளில் மாறியது என்று தெரிந்தால்தான் யாருக்கெல்லாம் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். நிர்வாக அணுகல் உள்ள ஐவரும் தாங்கள் தொடவில்லை என்கிறார்கள். கடன் விதிகளிலும் (புத்தகம் வழங்கும் கால அளவு, தாமதக் கட்டணம் போன்றவற்றுக்கான விதிகள்) ஏதேனும் மாறியிருக்குமோ என்ற ஐயமும் இருக்கிறது.

பதில் 1

கருவிகள் பக்கத்தில் உள்ள லாக் வியூவரை (மாற்றங்களின் பதிவைக் காட்டும் பக்கம்) திறந்து, சிஸ்டம் பிரிஃபரன்ஸ் (மென்பொருளின் பொது அமைப்புகள்) என்ற பிரிவை மட்டும் தேர்ந்து தேடுங்கள். புத்தகம் வழங்கல், திரும்பப் பெறல் போன்றவற்றின் பதிவுகளுக்குத் தனித்தனியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் சேமிக்கப்படும் சிஸ்டம் பிரிஃபரன்ஸ் மாற்றமோ தானாகவே பதிவாகிவிடும்.

எங்கள் பதிப்பில் தகவல் பத்தியில் அமைப்பின் பெயரும் புதிய மதிப்பும் மட்டுமே இருக்கும். பழைய மதிப்பு இராது. ஆகவே அதே அமைப்புக்கு முன்பு பதிவான வரியைப் பார்த்துத்தான் முந்தைய நிலையை ஊகிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் கடைசி வரி நீங்களே திருப்பி மாற்றியதாக இருக்கும். தேட வேண்டியது அதற்கு முந்தைய வரியை. தரவுத்தளத்தைச் சுத்தம் செய்யும் நிரல், பழைய பதிவுகளை நீக்கும்படி நாள் கணக்குக் குறிப்பிடாமல் இயக்கப்பட்டால், 180 நாளுக்கு முந்தையவற்றை அழித்துவிடும் என்பதால் தாமதிக்காதீர்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் தரவுத்தளத்தில் யாரேனும் நேரடியாகக் கட்டளை கொடுத்து மதிப்பை மாற்றியிருந்தால் லாக் வியூவரில் ஒன்றும் தெரியாது. கடன் விதிகளின் மாற்றமும் நாங்கள் பயன்படுத்தும் பதிப்பில் பதிவாவதில்லை.

இதற்காக நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. நாள்தோறும் இரவில் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் நிரல்) வழியாக, சிஸ்டம் பிரிஃபரன்ஸ் அட்டவணையையும் கடன் விதிகளின் அட்டவணையையும் (20.05 பதிப்பிலிருந்து விதிகள் ஒரே அட்டவணையில் ஒரு விதிக்கு ஒரு வரிசையாக இருக்கின்றன) உரைக்கோப்பாக எடுத்து, கிட் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருள்) களஞ்சியத்தில் சேர்க்கிறோம். தரவுத்தளத்தை உரைக்கோப்பாக எடுக்கும் மைஎஸ்கியூஎல் டம்ப் இயல்பாகப் பல வரிசைகளை ஒரே நீண்ட வரியில் எழுதிவிடுவதால், ஒரு மதிப்பு மாறினாலும் முழு வரியும் மாறியதாகவே தோன்றும். வரிசைக்கு ஒரு வரி, முதன்மைச் சாவியின்படி அடுக்கு, எடுத்த தேதியை விட்டுவிடு என்ற மூன்று விருப்பங்களையும் சேர்த்த பிறகுதான் ஒப்பீடு கண்ணுக்கு உதவுகிறது: காலையில் பார்த்தால் பழைய மதிப்பு ஒரு வரி, புதியது அதன் கீழே ஒரு வரி, அவ்வளவுதான். குறுஞ்செய்திச் சேவையின் கடவுச்சொல் போன்றவையும் அந்த அட்டவணையில் இருப்பதால் களஞ்சியத்தைப் பொதுவில் வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. முந்தைய வரி கிடைத்துவிட்டது. 23 நாள்களுக்கு முன், மாலை நேரத்தில் மாற்றப்பட்டிருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர அந்தத் தேதி போதும். ஆனால் பயனர் பெயரில் இருப்பது வழங்கு மேசையின் பொதுக் கணக்கு. ஐவரும் அதில்தான் நுழைகிறோம்.

பதில் 1

அப்படியானால் யார் என்பதை மென்பொருளால் சொல்ல இயலாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுத்து, பொதுக் கணக்கிடமிருந்து சூப்பர் லைப்ரேரியன் அனுமதியை (எல்லாவற்றையும் செய்யவிடும் முழு அனுமதி) எடுத்துவிடுங்கள். வழங்கலுக்கும் திரும்பப் பெறுவதற்கும் அது தேவையில்லை. சிஸ்டம் பிரிஃபரன்ஸை மாற்றும் அனுமதியும் கடன் விதிகளை மாற்றும் அனுமதியும் தனித்தனியானவை. இரண்டையும் ஒருவருக்கே கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை.

விதிகளைப் பற்றிய ஐயத்துக்குப் பழைய காப்புப் பிரதி இருந்தால் அதை வேறொரு கணினியில் மீட்டெடுத்து ஒப்பிடலாம். கோஹாவை டெபியன் (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) பொதியாக நிறுவியிருந்தால், அதன் தினசரிக் காப்பு இயல்பாக 2 நாள் பிரதிகளையே வைத்திருக்கும். நீங்கள் தனியாக எங்கேனும் எடுத்து வைத்திருக்கிறீர்களா?

கேள்வி கேட்டவர்

மாதந்தோறும் வெளி வட்டில் ஒரு பிரதி எடுக்கிறோம். சென்ற மாதத்துப் பிரதியை இன்றே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.