புது சிமெண்ட் தொட்டியில் அல்லி: நடுவதற்கு முன் என்னென்ன செய்யணும்?

ஹொரமாவு_வீடு
வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி தரைமட்டத்துக்குக் கீழே சிமெண்ட் தொட்டி கட்டி பூச்சு வேலை இப்பத்தான் முடிஞ்சுது. 4 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழம். பெங்களூர் லால்பாக் பக்கத்துல சித்தாபுரா நர்சரியில வாங்கின ரெண்டு அல்லி பையோட பக்கெட்ல இருக்கு. ஒண்ணு நீலம், இன்னொண்ணு இளஞ்சிவப்புன்னு சொல்லிக் கொடுத்தாங்க, ரகம் தெரியலை. தொட்டிக்குத் தெற்குப் பக்கம் ஒன்றரை அடி தள்ளி 6 அடி காம்பவுண்டு சுவர் இருக்கு. காவேரித் தண்ணி வாரத்துக்கு ரெண்டு நாள், மத்த நாள் போர்வெல் தண்ணி.

ரெண்டையும் அப்படியே இறக்கிடலாமா? மண்ணுக்கு கோகோபீட் கலவை போதுமா? நடுவுல சின்ன ஃபவுண்டன் வைக்கணும்னு வீட்ல ஆசை. தெருவுல டெங்கு பயம் இருக்கு, கொசுவுக்கு என்ன வழி?

நீர்ச்செடி_பெங்களூரு
இப்போதைக்குச் செடிகள் பக்கெட்டிலேயே இருக்கட்டும். புதுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரின் பிஎச் (அமில, காரத்தன்மை அளவு; 7 நடுநிலை) 10, 11 வரை போகும். செடி அதில் இரும்புச்சத்தை எடுக்க முடியாது, மீன் பிழைக்காது. தொட்டியை நிரப்பி மூன்று நாள் விட்டு, முழுக்க இறைத்து, சுவரை நார் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இதை நாலைந்து தடவை செய்யணும். கடைசித் தடவை வாழைத்தண்டைத் துண்டுகளாக நறுக்கிப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள். மீன் வளர்ப்பவர்கள் புதுத் தொட்டிக்குச் செய்வதும் இதுதான். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கழித்து பிஎச் பட்டையில் பாருங்கள். எட்டுக்குக் கீழே வந்தால் நடலாம். நிரப்பிய உடனே பார்த்தால் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

அடுத்தது அந்தச் சுவர். பெங்களூரில் டிசம்பர் கடைசியில் உச்சிவெயில்கூட தெற்கே சாய்ந்து சுமார் 53 டிகிரியில்தான் நிற்கும். 6 அடி சுவரின் நிழல் வடக்கே ஏறக்குறைய நாலரை அடி நீளும், அதாவது உங்கள் தொட்டி முழுவதும் நிழல். மார்ச் மூன்றாம் வாரத்தில் அதே நிழல் ஒன்றரை அடிக்குள் சுருங்கி, தொட்டியைத் தொடாது. அல்லி பூக்க ஐந்து, ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். ஆகவே பிப்ரவரி கடைசி முதல் அக்டோபர் வரைதான் உங்களுக்குப் பூக்காலம். செடியை வடக்கு ஓரமாக வையுங்கள், சுவருக்கு வெள்ளை அடித்தால் கொஞ்சம் வெளிச்சம் கூடும்.

ஃபவுண்டன் வேண்டாம். இலை மேல் நீர் தெறித்துக்கொண்டே இருந்தால் இலை அழுகும், ஆடும் தண்ணீரில் மொட்டு நிற்காது. 4 அடித் தொட்டியில் ஒதுங்க இடமில்லை.

செம்மண்
மண் விஷயம் நான் சொல்றேன். கோகோபீட், மண்புழு உரம், நர்சரிக் கலவை எதுவுமே ஆகாது. மிதந்து மேல வந்து தண்ணியைக் கலக்கிடும், மிச்சம் இருக்கறது அடியில அழுகி நாறும். வேண்டியது கனமான மண். சல்லடையில வேரும் கல்லும் எடுத்த செம்மண் ரெண்டு பங்கு, ஏரி வண்டலோ களிமண்ணோ ஒரு பங்கு. ஈரமாப் பிசைஞ்சு விரல் தடிமனுக்கு உருட்டினா உடையாம நிக்கணும், அதுதான் பதம்.

தொட்டித் தரையில மண் பரப்பாதீங்க. ஓட்டையில்லாத பிளாஸ்டிக் டப், 16 இஞ்ச் அகலம், 8 இஞ்ச் உயரம் எடுங்க. அகலம்தான் முக்கியம், உயரம் இல்லை. அடியில நல்லா மக்கின மாட்டெரு ரெண்டு கைப்பிடி, எலும்புத்தூள் ஒரு கைப்பிடி, மண்ணோட கலந்து ரெண்டு இஞ்ச். அதுக்கு மேல வெறும் மண் நாலஞ்சு இஞ்ச். பச்சைச் சாணி போட்டா தண்ணி பச்சையாகி, வேரும் வெந்துடும்.

நடற முறை ரெண்டு செடிக்கும் வேற வேற. இலையைக் கையில எடுத்து ஓரத்தைத் தடவிப் பாருங்க. வழுவழுன்னு வெட்டே இல்லாம இருந்தா அது குளிர்தேச ரகம், ஹார்டினு சொல்வாங்க. அடியில இஞ்சி மாதிரி படுத்து ஓடற கிழங்கு இருக்கும். அதை டப்போட ஓரத்துல சாய்ச்சு வெச்சு, முளை நடுப்பக்கம் பார்க்கற மாதிரி நடணும், இல்லேன்னா சீக்கிரமே எதிர்ச் சுவர்ல முட்டி நின்னுடும். இலை ஓரம் அலை அலையாவோ பல்லு பல்லாவோ இருந்தா வெப்பமண்டல ரகம், கிழங்கு நிமிர்ந்து இருக்கும், நட்ட நடுவுல வைங்க. உங்க நீலம் இந்த வகைதான், ஹார்டில அந்த நீலம் சாதாரணமாக் கிடைக்காது. எதுவானாலும் இலை கிளம்பற குருத்து மண்ணுக்கு மேல தெரியணும். அது புதைஞ்சா அழுகல்தான்.

மேல ஒரு இஞ்ச் கழுவின கூழாங்கல். மார்பிள் சில்லு போடாதீங்க, அதுவும் சுண்ணாம்புதான். டப்பை முதல்ல வெளியிலயே தண்ணி ஊத்தி ஊறவிட்டு, குமிழி நின்னதும் சாய்ச்சு மெதுவா இறக்குங்க.

நீர்ச்செடி_பெங்களூரு
செம்மண் சொன்னதோடு சேர்த்து: இறக்கிய உடனே அடியாழத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. சுட்ட செங்கல் அடுக்கி, குருத்துக்கு மேல் 4 முதல் 6 இஞ்ச் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். சிமெண்ட் பிளாக் வைத்தால் மறுபடி சுண்ணாம்புப் பிரச்சினை. இலைகள் மேலே விரிய விரிய ஒவ்வொரு கல்லாக எடுத்து இறக்குங்கள். தொட்டியில் 20 இஞ்ச் தண்ணீர் வைத்தால் கடைசியில் குருத்துக்கு மேல் 12 இஞ்ச் நிற்கும், அது சரியான ஆழம்.

இன்னொன்று, 12 சதுர அடிப் பரப்பில் நீல அல்லி ஒன்றே போதும். இரண்டும் இருந்தால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தண்ணீரை விட்டு நிமிர்ந்து நிற்கும், பூ குறையும். இளஞ்சிவப்பை தனியாக ஒரு 100 லிட்டர் டப்பில் வையுங்கள்.

ஜாலஹள்ளி_வாசி
கொசு: தொட்டி சுமார் 560 லிட்டர் பிடிக்கும், கப்பி மீன் எட்டு, பத்து போதும். லார்வா தங்காது. கோல்டு ஃபிஷ், கோய் விடாதீங்க, டப் மண்ணைக் கிளறிடும். கம்பூசியா (கொசுமீன்) பெருகி மத்த நீருயிர்களைத் தின்னும், அதுவும் வேணாம். காவேரித் தண்ணில குளோரின் இருக்கு, ரெண்டு நாள் திறந்து வெச்ச பிறகே மீன் விடணும். டெங்கு கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேல, ஈரமான சுவர்லதான் முட்டை ஒட்டும், அது காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். வாரம் ஒருதரம் அந்த விளிம்பைத் தேய்ச்சு விடுங்க. டெங்கு கொசு விஷயத்துல தொட்டியைவிட இளஞ்சிவப்பு வைக்கற அந்த 100 லிட்டர் டப்தான் ஆபத்து, அதுலயும் ரெண்டு கப்பி விடுங்க.

வத்தற தண்ணியை ஈடுகட்ட போர் தண்ணியையே ஊத்தினா உப்பு சேர்ந்துகிட்டே போகும், இலை மேல வெள்ளைப் படலம் வரும். சம்புக்குப் போற மழைநீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை இழுத்தா நல்லது. வீட்ல சின்னக் குழந்தை இருந்தா, நீர்மட்டத்துக்குச் சற்று மேல, 3 இஞ்சுக்கு மிகாத கண் உள்ள, குழந்தை எடையைத் தாங்கற இரும்பு கிரில் கட்டாயம் போடுங்க. இலை அதுக்குள்ள நுழைஞ்சு வந்துடும்.

ஹொரமாவு_வீடு
எல்லாருக்கும் நன்றி. நீங்க சொன்ன மாதிரியே நட்டு ஒரு மாசம் ஆகப்போகுது. நீலம் அஞ்சு இலை விட்டிருக்கு. ஆனா தண்ணி பட்டாணி சூப் மாதிரி பச்சையாயிடுச்சு, டப் கண்ணுக்கே தெரியலை. இறைச்சுட்டு மாத்தலாமா? ரெண்டு இலையில கோடு கோடா கிறுக்கின மாதிரி இருக்கு. உரம் எப்ப?

நீர்ச்செடி_பெங்களூரு
இறைக்கவே இறைக்காதீர்கள். அது மிதக்கும் பாசி. புதுத் தண்ணீரோடு புதுச் சத்தும் வந்து, ஒரே வாரத்தில் மறுபடி பச்சையாகும். பாசிக்கும் அல்லிக்கும் ஒரே சாப்பாடுதான். இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடினால் வெளிச்சம் கிடைக்காமல் பாசி தானே அடங்கும். அதுவரை அந்தரத்தாமரை நாலு செடி மிதக்கவிட்டு, அல்லி பரவியதும் எடுத்து மக்கவையுங்கள். தயவுசெய்து ராஜகாலுவேயிலோ (பெரிய மழைநீர் வடிகால்) ஏரியிலோ போடாதீர்கள். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் மிதவைக் களையால் பட்ட பாடு போதும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்வார்கள், அது மீனைக் கொன்றுவிடும்.

கோடுகள் ஒரு சிறு ஈயின் புழு இலைக்குள் சுரங்கம் போட்ட தடம். அந்த இரண்டு இலைகளையும் காம்போடு அடியில் கிள்ளி வெளியே போடுங்கள். பூச்சிமருந்து எதுவும் வேண்டாம். அசுவினி வந்தாலும் குழாயில் பீய்ச்சித் தள்ளினால் போதும், கப்பி தின்றுவிடும். இலை ஓரத்தில் முட்டை வடிவத்தில் கத்தரித்த மாதிரி வெட்டும், மிதக்கும் இலைத்துண்டும் தெரிந்தால் அது கம்பளிப்பூச்சி. துண்டைப் புரட்டிப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

செம்மண்
உரம் இப்ப ஆரம்பிக்கலாம், ஆனா தண்ணில கரைக்கக் கூடாது. டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட் உரம்) ஒரு டீஸ்பூன், சுமார் 5 கிராம், நியூஸ் பேப்பர்ல மடிச்சு குருத்திலிருந்து நாலு இஞ்ச் தள்ளி, மண்ணுக்குள்ள நாலு இஞ்ச் ஆழத்துல விரலால அழுத்தி ஓட்டையை மூடிடுங்க. டிஏபில தழைச்சத்து 18 சதவீதம், மணிச்சத்து 46 சதவீதம், சாம்பல்சத்து கிடையாது. அதனால ரெண்டு கிராம் பொட்டாஷ் சேர்த்துக்கோங்க. நாலு வாரத்துக்கு ஒருதரம். நவம்பர்லேருந்து ஜனவரி வரை நிறுத்திடுங்க, செடி எடுக்காததைப் பாசி எடுத்துக்கும்.

வெளி இலை மஞ்சளானா வயசு, கிள்ளிடுங்க. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா, உரத்தைத் தொடாம முதல்ல பிஎச் பாருங்க. ஒவ்வொரு பூவும் மூணு, நாலு நாள் திறந்து மூடும். நீலம் காலை ஒன்பது வாக்குல விரிஞ்சு சாயங்காலத்துக்கு முன்னாடியே மூடிடும். ஆபீஸ் போயிட்டு வர்றவங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணுல படும். முடிஞ்ச பூ தண்ணிக்குள்ள அமுங்கினதும் காம்போட எடுத்துடுங்க, அது அழுகறதும் பாசிக்குச் சோறுதான்.