புதுப்பிப்பு: கறுப்பு டிஃபயன்ட்டில் டெக்கால் வெள்ளி பூத்த சிக்கல் தீர்ந்தது

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் இரவுப் போர் விமானமான டிஃபயன்ட்டின் 1/72 அளவு மாடலில், மங்கல் கறுப்பின் மேல் ஒட்டிய டெக்கால்களுக்கு (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய சின்னப் படலங்கள்) அடியில் வெள்ளி பூத்ததுபோல் தெரிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

சொரசொரப்பான மங்கல் பெயின்ட்டில் காற்று சிக்கிக்கொள்வதுதான் காரணம் என்றவர் சொன்னதே சரி. ஊசி முனையால் வெள்ளித் திட்டுகளில் நுண்துளையிட்டு, டெக்காலை மென்மையாக்கும் மைக்ரோ சால் திரவத்தைத் தூரிகையால் தொட்டு வைத்தேன். உடற்பகுதியின் மஞ்சள் வளையச் சின்னம் இதிலேயே சரியாகிவிட்டது. கீழிருந்த பேனல் கோடுகூட இப்போது தெரிகிறது. விமானப் படைப்பிரிவைக் காட்டும் 'பி.எஸ்.' குறியெழுத்துகள் மசியவில்லை. அவற்றை டேப்பால் உரித்து, பளபளப்பு வார்னிஷ் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் உதிரி டெக்கால் தாளிலிருந்து புதிதாக ஒட்டினேன். (அந்தக் குறி கொண்ட பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்று பெயர். அந்த எழுத்தை விட்டுவிட மனம் வருமா?)

எதிர்பாராதது ஒன்று: மைக்ரோ சால் பட்டதும் டெக்கால் பொரித்த அப்பளம்போல் சுருங்கும். தொடவே கூடாது, காயும்போது தானாகப் படிந்துவிடும். கடைசியாக மங்கல் வார்னிஷ் அடித்ததும் ஓரங்கள் மறைந்துவிட்டன. பதில்களில் வந்த, வினிகர் தடவும் யோசனையை நான் சோதிக்கவில்லை.